ஒரே தட்டு, நான்கு விலை

கடையில் பணம் கொடுக்கும்போது பொருளுக்கே விலை தருகிறோம் என்று எண்ணுகிறோம். கணிப்பொறியை ஆளும் இயங்குதளத்தில் நிலைமை வேறு.

2007 ஜனவரி 30 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் விஸ்டா பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது. அமெரிக்கக் கடைகளில் ஹோம் பேசிக், ஹோம் பிரீமியம், பிசினஸ், அல்டிமேட் என நான்கு பதிப்புகள் இருந்தன. முதலாவது 199 டாலர். இறுதியானது 399 டாலர். பழைய விண்டோஸ் வைத்திருந்தோர்க்கு மேம்பாட்டுப் பதிப்பாக அவ்விரண்டும் முறையே ஏறத்தாழ 100, 259 டாலருக்குக் கிடைத்தன.

வியப்பு யாதெனில், பெட்டிகள் வேறாயினும் தட்டு ஒன்றே. நான்கு பதிப்புகளும் அதனுள் அடங்கியிருந்தன. 25 எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடே எது திறக்கும் என்பதை முடிவு செய்தது. பின்னர் மேலும் பணம் செலுத்தியவர்க்கு உயர்ந்த பதிப்பு திறந்தது.

காரணம் என்ன? மென்பொருளை ஆக்கப் பெருஞ்செலவாகும். படியெடுக்கச் செலவு சொற்பமே. ஆகவே பதிப்புக்குப் பதிப்பு விலை வேறுபடுவது ஆக்கச்செலவால் அன்று. வாங்குவோரின் தேவையையும் வசதியையும் அளந்தே அது அமைகிறது. வீட்டில் படம் பார்ப்பவர்க்கு அலுவலகப் பிணையத்தில் இணையும் வசதி எதற்கு? பெட்டியின் மேலுள்ள பெயரைப் பாராது, நம் தேவையை முதலில் எழுதிப் பார்ப்பதே அறிவுடைமை.