குவேசார் விளக்குக்கு எண்ணெய் ஏது?

ஆகாயத்தில் ஒரு விளக்கைக் கண்டால் கும்பிடுவது ஒரு வழி. எண்ணெய் ஏது என்று கேட்பது மற்றொரு வழி. நாம் கேட்கவே வந்திருக்கிறோம்.

1963-ல் மார்ட்டன் ஷ்மிட் என்பவர், நட்சத்திரம்போல் தெரிந்த 3சி 273 என்னும் புள்ளி வெகு தூரத்திலுள்ளதென்று கண்டார். தூரம் சுமார் 240 கோடி ஒளி வருஷம்! இத்தகையவற்றுக்கே குவேசார் என்று பெயர்.

இவ்வளவு ஒளி எப்படி வந்தது? நட்சத்திர மண்டலத்தின் நடுவிலுள்ள பெருங் கருந்துளையில் வாயு விழுவதால்தான். அது நேராக விழுவதில்லை. தொட்டி ஓட்டையில் தண்ணீர் சுழலுவதுபோல் சுழன்று, உராய்ந்து, காய்ந்து, ஒளிவிட்டே உள்ளே போகிறது.

சரி, மண்டலத்துக்கு வாயு ஏது? 2014-ல், ஹவாயிலுள்ள கெக் தூரதிருஷ்டிக் கண்ணாடியைக் கொண்டு பார்த்தவர்கள், யூஎம் 287 என்ற குவேசாரின் அருகே சுமார் 15 லட்சம் ஒளி வருஷ நீளத்திற்கு ஹைட்ரஜன் வாயு பரவி, குவேசாரின் ஒளியாலேயே மின்னக் கண்டார்கள். விளக்கே தன் எண்ணெய்ச் சாடியைக் காட்டிக் கொடுத்தது!

ஆனால் அவசரப்படாதீர்கள். வாயு இருப்பது வேறு. உள்ளே ஓடுவது வேறு. குவேசாரின் ஒளியே வாயுவை வெளியே தள்ளவும் கூடும். ஆதலால், வேகத்தை அளந்து காட்டினாலொழிய ஓடுகிறதென்று ஒப்பக்கூடாது. விஞ்ஞானி சொன்னாலும் ருஜு கேட்கவேண்டியதே.

நமது பால்வீதியின் நடுவிலும் 40 லட்சம் சூரியன் எடையுள்ள கருந்துளை இருக்கிறது. அது ஏன் ஜொலிக்கவில்லை? சாபமா? இல்லை, தோழர்களே! விழுவதற்கு வாயு போதவில்லை, அவ்வளவுதான்.