செய்த வேலை வீண்போகலாமா?

கணினி நிரல் ஆக்கும் தொழிலில், முன்பு செய்து முடித்த வேலையை மறுபடியும் பயன்படுத்திக்கொள்வது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள். நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இத்துறையில் படிக்கிறார்கள். அவர்கள் பேசுவது பெற்றோருக்கும் விளங்க வேண்டும் அல்லவா?

எழுதிய நிரலைப் பெரும்பாலும் அப்படியே பிறர் கையில் கொடுத்துவிட முடியாது. துணை நிரல்களைத் தருவித்து, இயந்திர மொழிக்கு மாற்றி, ஒன்றாகச் சேர்த்து, சோதித்துப் பார்க்க வேண்டும். இதற்கு ‘பில்ட்’ என்று பெயர். குழுவில் ஒருவர் ஒரு வரியைத் திருத்தி அனுப்பினாலும், இயந்திரமே இவ்வேலை முழுவதையும் செய்து பார்க்கும். இதைத் ‘தொடர் ஒருங்கிணைப்பு’ என்கிறோம்.

இவ்வேலை இன்று பல இடங்களில் கொள்கலனுக்குள் நடக்கிறது. 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டாக்கர்’ என்னும் கருவி இம்முறையைப் பரப்பியது. கொள்கலன் என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறக்கப்படும் வெறும் அறை போன்றது. பழைய மிச்சம் எதுவும் அங்கே இராது. ஆகவே, “என் கணினியில் ஓடியதே!” என்ற வழக்கு குறைகிறது. ஆனால் அறை வெறுமையாக இருப்பதால் நேற்றுச் செய்த வேலையும் அங்கே இல்லை. ஓர் எழுத்தைத் திருத்தினாலும் எல்லாம் முதலிலிருந்தே தொடங்கும். வாடகை இயந்திரத்துக்கு நிமிடக் கணக்கில் பணம் கொடுப்பவருக்கு இது பெரிய இழப்பு.

இதற்கு வழி என்ன? பகாவ் வட்டாரத்துப் பெரியவர்கள் ரப்பர் நாற்றுப் பண்ணையை நினைத்துக்கொள்ளட்டும். விதை முளைத்து வளர்ந்த கன்றில் உயர்ந்த இனத்தின் மொட்டை ஒட்டுக் கட்டுகிறோம். ஒட்டு பிடிக்காவிட்டால் கன்றைப் பிடுங்கி எறிவதில்லை. அதே கன்றின் மறுபக்கத்தில் மீண்டும் கட்டுகிறோம். ஆனால் அடிக்கன்றே பட்டுப்போனால் விதையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

டாக்கரும் அப்படியே. அது வேலையை அடுக்கடுக்காகச் செய்கிறது. மாறாத அடுக்கை மறுபடியும் செய்யாமல் எடுத்துக்கொள்ளும். ஓர் அடுக்கு மாறினால், அதற்குப் பின் வரும் எல்லா அடுக்குகளையும் புதிதாகச் செய்யும். எனவே அரிதாக மாறுவது முதலில், அடிக்கடி மாறுவது கடைசியில் இருக்க வேண்டும். துணை நிரல்களின் பட்டியலை முதலில் உள்ளே வைத்து அவற்றை நிறுவுக. பிறகே நாம் எழுதிய நிரலை வைக்கவும். வரிசையை மாற்றிவிட்டால், ஒவ்வொரு திருத்தத்துக்கும் துணை நிரல்கள் அனைத்தும் மீண்டும் இறங்கும்.

வாடகை இயந்திரம் வேலை முடிந்ததும் கலைக்கப்படுமானால், அடுக்குகளும் அதனோடு போய்விடும். ஆகவே அவற்றை வெளியே உள்ள ஒரு களஞ்சியத்தில் சேமித்து, அடுத்த முறை அங்கிருந்து எடுக்க வேண்டும்.

இங்கே ஓர் ஆபத்தும் உண்டு. பழையதைப் புதியது என்று நம்பிவிடலாம். 1976-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீவ் ஜான்சன் என்பவர் ஒரு காலைப் பொழுது முழுவதும் தம் நிரலில் பிழை தேடினார். பிழையை அவர் முன்பே திருத்திவிட்டார். திருத்திய கோப்பை மறுபடி மொழிமாற்றவில்லை, அவ்வளவுதான்! இதைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், கோப்புகளின் நேரத்தை ஒப்பிட்டு, மாறியதை மட்டும் புதுப்பிக்கும் ‘மேக்’ என்ற கருவியை ஆக்கினார்.

டாக்கரிலும் இந்தக் கவனம் வேண்டும். உள்ளே நகலெடுக்கும் கோப்பு மாறினால் அது கண்டுகொள்ளும். ஆனால் ‘இணையத்திலிருந்து புதியதைக் கொண்டு வா’ என்ற கட்டளையின் எழுத்து மாறாவிட்டால், பழைய அடுக்கையே எடுத்துக்கொள்ளும். ஆகையால் துணை நிரல்களின் பதிப்பு எண்ணைத் திட்டமாக எழுதி வைக்க வேண்டும். எண் மாறினால் அடுக்கும் மாறும்.

இன்னொன்று: சோதித்த பொருள் வேறு, வெளியே அனுப்பும் பொருள் வேறு என்று இருக்கக்கூடாது. ஒரு முறை ஆக்கி, அதையே சோதித்து, அதையே அனுப்புக. மறுபடியும் ஆக்கினால் சோதனைக்கு மதிப்பேது?

மாணவர்களே, சேமித்து வைப்பது சிக்கனம். எது பழையதாகிவிட்டது என்று அறிவதே அறிவு. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை விரைவாகவும் செம்மையாகவும் நடக்கும்.