பேதி கண்ட பிள்ளைக்குத் தண்ணீரை நிறுத்தாதீர்கள்

(ஜூபிலி ஆண்டில் நடந்த தாய்மார் கூட்டத்தில், செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பெரிய பெரிய நோய்களைப் பற்றி நான் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் பேச வந்ததோ எல்லா வீட்டிலும் வந்துபோகும் வயிற்றுப்போக்கைப் பற்றி. "இதுவும் ஒரு நோயா?" என்று கேட்காதீர்கள். ஐந்து வயது நிறையாத குழந்தைகளின் உயிரைப் பறிக்கும் நோய்களில் இது இன்றும் முன்வரிசையில் நிற்கிறது.

நான் பணி தொடங்கிய புதிதில் ஒரு பாட்டி தம் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். பிள்ளையின் கண்கள் குழி விழுந்திருந்தன; அழுதும் கண்ணீர் இல்லை. "தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகுமே என்று நேற்றிலிருந்து ஒரு சொட்டும் கொடுக்கவில்லையம்மா" என்றார்கள். அன்பினால்தான் அப்படிச் செய்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளை பிழைக்கவில்லை.

பல் முளைக்கிறது என்போம், உரம் விழுந்தது என்போம், தோஷம் என்போம். உண்மை என்ன? பேதியோடு உடம்பிலுள்ள நீரும் உப்பும் வெளியேறுகின்றன. அந்த வறட்சிதான் பெரும்பாலும் உயிரைக் கொண்டுபோகிறது. போனதைத் திரும்பக் கொடுத்தால் பிள்ளை பிழைக்கும். குடலில் சர்க்கரை உள்ளே போகும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு போகிறது. அவற்றின் பின்னே நீரும் போகிறது. பேதியின்போதும் இந்த வழி அடைபடுவதில்லை.

1971-இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்காளத்துப் பங்காவ்ன் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்துநீர் போதவில்லை. டாக்டர் திலீப் மகலனாபிஸ் என்பவர் குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா மூன்றையும் தண்ணீரில் கலக்கச் செய்தார். நோயாளிகளின் உறவினரே அதைப் புகட்டினார்கள். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறி, இறப்பு 4-க்கும் கீழே வந்தது. பெரிய இயந்திரம் எதுவும் அங்கே இல்லை; குவளையும் தாயின் கையுமே இருந்தன.

ஆகவே வீட்டில் எப்போதும் இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள் இருக்கட்டும். பாக்கெட்டில் எழுதியுள்ள அளவு தண்ணீரைக் காய்ச்சி ஆற்றி, முழுப் பாக்கெட்டையும் கலக்குங்கள். 24 மணி நேரம் கழிந்தால் மீதியைக் கொட்டிவிடுங்கள். பாக்கெட் இல்லையா? ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். உப்பு கூடினால் ஆபத்து. கண்ணீரைவிட அதிகமாகக் கரிக்கக் கூடாது.

ஒவ்வொரு முறை போனபின்னும், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லி கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மெல்லப் புகட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கஞ்சி, குழைந்த சோறு, மோர் எல்லாம் கொடுக்கலாம். சோடா, கலர் வேண்டாம். பேதியைக் கட்டும் மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். துத்தநாக மாத்திரையை டாக்டர் சொல்லும் அளவில் 14 நாள் கொடுங்கள். பேதி நின்றாலும் இடையில் விடாதீர்கள்.

பிள்ளை குடிக்க முடியாமல் துவண்டு கிடந்தாலும், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், வாந்தி நிற்காவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். போகும் வழியிலும், குடிக்கக்கூடிய பிள்ளைக்குப் புகட்டிக்கொண்டே போங்கள்.

வருமுன் காப்பதும் நம் கையில்தான் இருக்கிறது. கழிப்பறை சென்று வந்தபின்னும், சமைக்குமுன்னும், ஊட்டுமுன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். 6, 10, 14-ஆம் வாரங்களில் அரசு இலவசமாகக் கொடுக்கும் ரோட்டா சொட்டு மருந்தைத் தவறவிடாதீர்கள்.

அந்தப் பாட்டியின் முகம் இன்றும் என் கண்முன் நிற்கிறது. அவர்களிடம் அன்பு குறையவில்லை, சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை. இன்று உங்களுக்குச் சொல்லிவிட்டேன். நீங்கள் வீடு சென்றதும், இங்கு வராத பக்கத்து வீட்டுத் தாய்க்கும் சொல்லுங்கள்.