மின்னொலிக் கருவியின் வடிகட்டி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அனலாக் சிந்தசைசர் என்னும் மின்னொலிக் கருவியின் ஓசையில் உயிர் இல்லை என்று நம் குடியிருப்பின் பெரியோர் சிலர் கூறக் கேட்டிருக்கிறேன். அக்கூற்றில் பாதி உண்மை உண்டு. ஒரு கட்டையை அழுத்திவிட்டு, குமிழ்களைத் தொடாது விட்டால், அது வண்டுபோல் முரலத்தான் செய்யும். அந்த முரற்சிக்கு வாயும் நாவும் அளிப்பது வடிகட்டி. பிள்ளைகள் பில்ட்டர் என்பது இதனையே.

இக்கருவி நம் நகருக்குப் புதியதன்று. 1969ஆம் ஆண்டிலேயே அகமதாபாத் பால்டியிலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அமெரிக்க இசைவாணர் டேவிட் டியூடரின் துணையோடு மோக் சிந்தசைசர் நிறுவப்பெற்றது. கீதா சாராபாய், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா முதலியோர் அதில் பணி புரிந்தனர். 1972 வரை அங்கே பதிந்த ஒலிநாடாக்களுள் சில 2023இல் இசைத்தட்டாக வெளிவந்தன. ராபர்ட் மோக் அமைத்த ஏணி வடிவ வடிகட்டிக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்ததும் அதே 1969இல்தான்.

மோர்சிங் வாசிப்பவரைச் சற்றே நினைத்துப் பாருங்கள். உலோக நாக்கு எழுப்பும் சுருதி ஒன்றே. அவரோ வாயின் உள்ளிடத்தை விரித்தும் குறுக்கியும், அச்சுருதிக்குள் உறைந்துள்ள மேற்சுரங்களை ஒவ்வொன்றாக வெளிக்கொணர்கிறார். வடிகட்டியின் தொழிலும் அத்தகையதே.

எடுத்துக்காட்டாக, 110 ஹெர்ட்ஸ் சுருதியில் வாள்பல் அலை ஒன்று ஒலிப்பதாகக் கொள்வோம். அதனுள் 220, 330, 440 என மேற்சுரங்கள் படிப்படியாக வலிமை குன்றி அடுக்கி நிற்கும். லோ பாஸ் என்னும் முறையில் வடிகட்டியை வைத்து, கட்டாஃப் என்னும் எல்லைக் குமிழை 500இல் நிறுத்தினால், கீழுள்ள நான்கும் பெரும்பாலும் கடந்து செல்லும், மேலுள்ளவை தேயும். எவ்வளவு விரைவாகத் தேயும் என்பதைச் சரிவு தீர்மானிக்கிறது. 24 டெசிபெல் சரிவாயின், எல்லைக்கு அப்பால் அதிர்வெண் இருமடங்காகுந்தோறும் ஒலியின் வீச்சு ஏறக்குறைய 16இல் ஒரு பங்காகும். 12 டெசிபெல்லாயின் 4இல் ஒரு பங்கு எஞ்சும். முன்னது கனத்த, மூடிய ஒலி. பின்னது காற்றோட்டமுள்ள ஒலி.

ஹை பாஸ் இதற்கு நேர்மாறாகக் கீழோசையை நீக்கும். பேண்ட் பாஸ் நடுவே ஒரு பட்டையை மட்டும் விடும். பழைய தொலைபேசிக் கம்பி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையே சுமந்தது. ஆயினும் ஊரிலிருந்து பேசிய தந்தையாரின் தடித்த குரலை நாம் அறிந்துகொள்ளவில்லையா? அடிச்சுரம் வாராதபோதும் மேற்சுரங்களைக் கொண்டு செவி அதனை ஊகித்துக்கொள்கிறது. நாட்ச் முறை ஒரு குறுகிய பட்டையை மட்டும் வெட்டி எறியும். 1974இல் வந்த ஓபர்ஹைம் கருவியில் இந்நான்கும் உண்டு. 1970இல் வந்த மினிமோகில் லோ பாஸ் ஒன்றே. ஒன்றே இருப்பதனால் குறைவொன்றுமில்லை என்பது என் கருத்து.

ரெசொனன்ஸ் குமிழைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது கட்டாஃப் எல்லையை ஒட்டிய ஒலியை மிகுவிக்கும். அதனை உயர்த்திவைத்துக் கட்டாஃபை மெல்லத் திருப்புங்கள். மேற்சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாடும். தம்புராவின் பாலத்தில் நூலைச் சரிசெய்து ஜீவா பிடிக்கத் தெரிந்தவர்க்கு இது பழகிய இன்பம். ஆனால் மோக் வகை வடிகட்டியில் ரெசொனன்ஸ் ஏற ஏறக் கீழோசை மெலியும். கனம் வேண்டுவோர் அளவோடு நிற்க வேண்டும். உச்சத்தில் வடிகட்டி தானே கூவத் தொடங்கும். அக்கூவல் செவிக்கும் ஒலிபெருக்கிக்கும் கேடு.

இனி, உயிர் இல்லை என்ற குறைக்கு வருவோம். வீணையின் தந்தியை மீட்டியவுடன் ஒலி பளிச்செனத் தோன்றிப் பின் மங்குகிறது. உயர்ந்த மேற்சுரங்கள் முதலில் மடிவதே காரணம். என்வலப் என்னும் அமைப்பை வடிகட்டியோடு இணைத்தால், கட்டையை அழுத்துந்தோறும் கட்டாஃப் மேலெழுந்து தானே இறங்கும். முரற்சியாக நின்ற ஒலி அக்கணமே மீட்டிய ஒலியாகும். மேல் ஸ்தாயியில் வாசிக்கையில் ஒலி மங்கினால், கட்டாஃபைச் சுருதியோடு உயரச் செய்யும் கீபோர்டு டிராக்கிங் குமிழைச் சிறிது ஏற்றுக.

பழகுவோர் முதலில் ரெசொனன்ஸையும் என்வலப் அளவையும் பூஜ்யத்தில் வைத்து, கட்டாஃபை முழுதும் திறந்துவிட்டு, பின் அதனை மட்டும் மெல்ல மூடிக் கேட்கவேண்டும். ஆயத்த ஒலிகளைத் தேடும் பொத்தானை ஒரு வாரம் தொடாதிருத்தல் நன்று.

கூட்டம் முடிந்தபின் மேடையருகே கருவி இருக்கும். குழந்தைகள் வந்து திருகிப் பார்க்கலாம். தாத்தா, பாட்டிமார்களும் வரலாம். ஒலிபெருக்கியின் குமிழ் மட்டும் என் கையில் இருக்கட்டும்.