உத்திரமேரூர்ச் சாசனமும் அண்டை அயலாரும்



நள்ளிரவில் கூரை தீப்பற்றினால் முதலில் குடத்துடன் ஓடி வருபவன் அயல்வீட்டானே. ஏரிக்கரை உடையுந் தறுவாயில் மண்வெட்டியுடன் நிற்பவனும் அவனே. ஆயினும், ஆபத்துக் காலத்தில் ஒன்றுகூடும் ஊர், அது நீங்கியவுடன் கலைந்துவிடுகின்றது. அவ்வொற்றுமையை என்றும் நிலைநிறுத்தும் வழி யாது? விடை தேடி வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் அதன் பெரும்பகுதி எழுதப்பட்டிருக்கின்றது.

முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், இவ்வூர்ச் சபையார் செய்த ஏற்பாடுகள் அங்கே கல்லில் வெட்டப்பட்டுள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்பென்பது தற்கால வார்டு போன்றது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாத சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் அவ்வோலையை வாங்கிச் சபையறிய வாசித்தான். சம்வத்ஸர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர், ஆக 30 பேர். குடும்புக்கு ஒருவராக, எந்தக் குடும்பும் விடுபடவில்லை.

இவற்றினும் மேலானது கணக்கைப் பற்றிய விதி. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடியும் குடவோலைக்கு உரியவனல்லன். அவனுடைய நெருங்கிய உறவினரும் உரியவரல்லர். பதவியிலிருக்கையில் குற்றங் கண்டால் உடனே நீக்கப்படுவான். கணக்கில் சந்தேகம் புகுந்தால் முதலில் முறிவது அண்டை வீட்டாரின் உறவே என்பதை அச்சபையார் நன்கு அறிந்திருந்தனர் போலும்.

கூட்டுறவின் அஸ்திவாரமும் இதுவே. ஜெர்மனியில் ரைபைசன் என்பார் 19-ஆம் நூற்றாண்டில் கிராமக் கடன் சங்கங்களைத் தொடங்கியபோது, ஒருவரையொருவர் நேரில் அறிந்தோர் வாழும் சிறு எல்லைக்குள்ளேயே அவற்றை அமைத்தார். 1904-ல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே, அப்போது செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த திரூரில் விவசாயக் கடன் சங்கம் ஏற்பட்டது. கடன் தவணை தவறியவன் நோயினால் தவறினானா, வேண்டுமென்றே தவறினானா என்பதைக் காகிதம் அறியாது. அடுத்த வீட்டார் அறிவர். முன்னவனுக்குக் கைகொடுப்பதும், பின்னவனுக்குப் புத்தி புகட்டுவதும் அவர்களாலேயே இயலும்.

எனினும் ஒரு குறையை மறைத்தல் தகாது. உத்திரமேரூர் அந்நாளில் பிரமதேயம். நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் உடைய ஆடவரின் பெயரே குடத்தில் விழுந்தது. ஏர் உழுதோர், கரைக்கு மண் சுமந்தோர், பெண்டிர் ஆகியோர் பெயர் விழவில்லை. 1992-ல் நிறைவேறிய 73-ஆவது அரசியற் சட்டத் திருத்தத்தினாலும், தமிழ்நாட்டு ஊராட்சிப் பதவிகளில் பெண்களுக்கு ஏற்பட்ட 50 சதவிகித ஒதுக்கீட்டினாலும் அக்கதவு இன்று சட்டப்படி திறந்திருக்கின்றது. ஆனால் சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே அழைத்து அமரச் செய்ய வேண்டியவர் ஊராரே. ஊரும் காலனியும் ஒரே பாயில் உட்காராத மகாசபையில் கோரம் இருக்கலாம், ஒற்றுமை இராது.

ஆகவே அங்கத்தினர் செய்யத்தக்கவை சில. வரவு செலவுகளைப் பொதுச்சபையில் எழுத்தறியாதவருக்கும் விளங்கும்படி உரக்க வாசிக்க வேண்டும். எல்லாத் தெருவினின்றும், கைம்பெண் குடும்பத்தினின்றும் கூட, சபைக்கு ஆள் வரச் செய்ய வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் வரத்துக் கால்வாயைக் கூடித் தூர் வார வேண்டும். நடவுக் காலத்தில் ஒருவன் நோயுற்றால், அண்டை வயற்காரர் முறைவைத்து அவன் கழனியைக் கவனிக்க வேண்டும்.

பூட்டும் காவலும் வீட்டைக் காக்கும். ஊரைக் காப்பது, விரித்த உள்ளங்கையும் ஒளிவற்ற கணக்கும், ஒருவரையும் புறம்பே நிறுத்தாத சபையுமேயாம்.