சாட்சியைக் கேட்கப் பழகிய வைத்தியர் வேண்டும்

(கமக்காரர் சங்கமும் ஊர் வாசிகசாலையும் சேர்ந்து கூட்டிய பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



காணியும் தண்ணீரும் பேச வேண்டிய மேடையில் வைத்தியம் பேச வந்துவிட்டார்களே என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நாம் வைத்தியர் அல்லோம். மருந்து சொல்ல வரவுமில்லை. ஆனால் சாட்சி விசாரணை எமது தொழில். குழந்தைகளுக்கு வரும் காக்கை வலிப்பு நோயை அறிவதும் பெரும்பாலும் சாட்சி விசாரணையே. அந்த விசாரணைக்கு வைத்தியர்களைப் பழக்குவதா, பழக்காமல் விடுவதா என்பது அரசாங்கம் தீர்மானிக்கும் விஷயம். ஆகவே அதைப் பற்றிப் பேச எமக்கும் உரிமை உண்டு, உங்களுக்கும் உரிமை உண்டு.

சில காலத்துக்கு முன் காணி உறுதி ஒன்றின் பொருட்டு ஒரு கமக்காரர் எம்மிடம் வந்தார். அலுவல் முடிந்த பின்பும் எழுந்து போகவில்லை. தமது பேரனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். எட்டு வயதுப் பையன். பாடம் நடக்கையில் பராக்குப் பார்க்கிறான் என்று இரண்டு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கினான். வீட்டிலும் அடி. கூப்பிட்டாற் கேளாத பிள்ளை என்று தகப்பன் ஏசினான். ஒருநாள் காய்ச்சலுக்கு மருந்தெடுக்கக் கிராமத்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த இளம் வைத்தியர், தாய் தற்செயலாகச் சொன்ன ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டார். “கதைச்சுக்கொண்டு நிக்கேக்கை நடுவிலை நிண்டுபோடும் ஐயா, கண்மடல் துடிக்கும், பிறகு ஒண்டும் நடவாதது போலை விளையாடுவான்” என்றாளாம் தாய். காய்ச்சல் மாறியபின் பையனை மீண்டும் அழைத்துவரச் செய்து, வைத்தியர் ஒரு கடதாசிக் காற்றாடியை அவன் கையிற் கொடுத்து விடாமல் ஊதச் சொன்னார். இரண்டு நிமிடம் செல்லுமுன் ஊதல் நின்றது. கண் ஒரே இடத்தில் நிலைத்தது. சில விநாடி கழித்து மீண்டும் ஊதினான். நின்றது அவனுக்கே தெரியவில்லை.

அது பராக்கு அன்று. வலிப்பின் ஒரு வகை. வேகமாக மூச்சு விடச் செய்தால் அது வெளிப்படும் என்பதை அந்த வைத்தியர் அறிந்திருந்தார். அதற்கு ஆன செலவு ஒரு கடதாசிக் காற்றாடி. உரிய மருந்து தொடங்கிய பின் பையன் படிக்கிறான். பெரியவர் எம்மைப் பார்த்து, “அந்த ரெண்டு வருஷ அடிக்கு ஆரிட்டை ஐயா நியாயம் கேக்கிறது?” என்றார். எமது சட்டப் புத்தகங்களில் அதற்கு விடை இல்லை. அந்தக் கேள்வியே எம்மை இந்த மேடைக்குக் கொண்டுவந்தது.

வலிப்பு என்றதும் நினைவுக்கு வருவது ஒருவர் விழுந்து, கைகால் அடித்து, வாயில் நுரை தள்ளும் காட்சியே. அது ஒரு வகை மாத்திரமே. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு என்றும், அவர்களில் நூற்றுக்கு 80 பேர் வசதி குறைந்த நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் வாழ்கின்றனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. சரியாக அறிந்து மருந்து கொடுத்தால் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்றும் அதே நிறுவனம் கூறுகின்றது. ஆயினும் மிக வறிய நாடுகளில் நாலில் மூன்று பங்கினருக்கு வேண்டிய சிகிச்சை கிட்டுவதில்லை. மருந்து இல்லாமை ஒரு காரணம். நோயை இன்னதென அறியும் பயிற்சி முதல் வைத்தியரிடம் இல்லாமை மற்றொரு காரணம்.

பயிற்சி இல்லாவிடில் மூன்று பிழைகள் நேரும்.

முதலாவது, உள்ள நோயைக் காணாமல் விடுவது. 1841ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ற் என்ற வைத்தியர் ‘லான்செற்’ என்னும் வைத்தியப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். கைக்குழந்தை ஒன்று திடீர் திடீரெனத் தலை கவிழ்ந்து முன்புறம் வளைகின்றது. ஒன்றன்பின் ஒன்றாகப் பல தடவை அப்படிச் செய்கின்றது. தெரிந்த சிகிச்சையெல்லாம் செய்தும் பயனில்லை. இதுபற்றி அறிந்தவர் உளரோ என்று சக வைத்தியர்களைக் கேட்டார். அந்தக் குழந்தை அவருடைய சொந்த மகன். இன்று அந்நோய்க்கு அவர் பெயரே வழங்குகின்றது. ஒரு வயதுக்குள் வரும் இந்த வலிப்பைப் பலர் வயிற்றுக்குத்து என்றே எண்ணிவிடுகின்றனர். குழந்தை நித்திரை விட்டெழும் வேளையில் இது அடுக்கடுக்காக வருமாயின் அன்றே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இன்று இதற்கு மருந்து உண்டு. ஆனால் காலம் தாழ்த்தத் தாழ்த்தக் குழந்தையின் அறிவு வளர்ச்சி கெடும் ஆபத்தும் கூடுகின்றது.

இரண்டாவது, இல்லாத நோயை உண்டென்பது. அழுத குழந்தை மூச்சடங்கி நீலம் பாரித்துச் சோர்வதுண்டு. பள்ளிப் பிள்ளை வெயிலில் நின்று மயங்கி விழும்போது இரண்டொரு தடவை கைகால் உதறுவதுமுண்டு. இவை வலிப்பு நோய் அல்ல. ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்குக் கடுங்காய்ச்சலின்போது வலிப்பு வரும். அவர்களிற் பெரும்பாலோருக்குப் பிற்காலத்தில் இந்நோய் வருவதில்லை. இவற்றைப் பிரித்தறியாவிட்டால் நிகழ்வது யாது? இங்கிலாந்தில் லெஸ்ரர் நகரத்தில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். அங்கே 1990ஆம் ஆண்டு முதல் சுமார் பத்தாண்டுகளாக ஒரு வைத்தியரே குழந்தைகளின் வலிப்பு நோயைப் பார்த்து வந்தார். 2001இல் முறைப்பாடுகள் எழுந்தன. அவர் பார்த்த 1,948 பிள்ளைகளின் கோவைகள் மீண்டும் ஆராயப்பட்டன. அவர்களில் 618 பேருக்கு நோய் பிழையாகத் தீர்மானிக்கப்பட்டிருந்தது. நோயே இல்லாத பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் மருந்து விழுங்கி, வகுப்பில் தூங்கி வழிந்தார்கள். செல்வமும் பல்கலைக்கழகமும் நிறைந்த நாட்டில் நடந்தது இது. ஒரு மனிதரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. தக்க பயிற்சியும், கூடி ஆராயச் சக வைத்தியரும் இல்லாமல் ஒருவர் தலையில் இத்தனை பாரத்தை வைத்த முறையே பெரும் பிழை என்கிறோம்.

மூன்றாவது, நோய் சரி, மருந்து பிழை. வலிப்புகளில் பல வகை இருப்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து ஆகாது. கார்பமசெப்பின் ஒரு பக்கத்து மூளையில் தொடங்கும் வலிப்புக்கு நல்ல மருந்து. ஆனால் நாம் முன்சொன்ன பையனுக்கு அதைக் கொடுத்தால் நோய் கூடவும் கூடும்.

இவற்றையெல்லாம் இயந்திரம் சொல்லிவிடாதோ என்று கேட்பீர்கள். மூளையின் மின்னலைகளைக் கடதாசியில் வரையும் கருவியை ஜெர்மானியரான ஹான்ஸ் பேர்கர் ஆக்கி, 1929இல் உலகுக்கு அறிவித்தார். அரிய கருவிதான். ஆனால் நோயுள்ள பிள்ளையின் வரைவு பழுதின்றி இருக்கலாம். நோயில்லாப் பிள்ளையின் வரைவில் கோணல் தெரியலாம். வைத்தியத்தில் வரைவு ஒரு துணைச் சான்றே. கண்ணாற் கண்ட தாயின் வாக்குமூலம்தான் முதற் சான்று. பிள்ளை அப்போது என்ன செய்துகொண்டிருந்தது? முதலில் அசைந்தது எந்தக் கை? கண் எந்தப் பக்கம் திரும்பியது? எவ்வளவு நேரம் நீடித்தது? பின்பு தூங்கியதா? இந்தக் கேள்விகளை முறையாகக் கேட்கவும், வந்த விடையை நிறுக்கவும் ஒருவர் பழகவேண்டும். இன்று கைத்தொலைபேசியில் தாய் எடுத்த படமும் நல்ல சாட்சியாகின்றது.

அப்படிப் பழக்குவது இயலாத காரியமா? இயலும். லெஸ்ரர் விவகாரத்தின் பின் பிரித்தானியக் குழந்தை நரம்பியற் சங்கத்தார் வைத்தியர்களுக்கெனப் பயிற்சி வகுப்புகளை அமைத்தார்கள். முதற்படி வகுப்பு ஒரே நாள். வலிப்பு வந்த பிள்ளைகளின் படங்களைக் காட்டி, இது வலிப்பா அல்லவா, எவ்வகை, என்ன செய்யலாம் என்று சிறு சிறு குழுக்களாக இருத்தி விவாதிக்கச் செய்கிறார்கள். மேற்படி வகுப்புகள் பின்னர் உண்டு. இந்தியா, மியன்மார், தென்னாபிரிக்கா முதலிய நாடுகளுக்கும் இந்த வகுப்பு சென்றிருக்கின்றது. உள்ளூர் வைத்தியர்களையே ஆசிரியர்களாக்குவது அதன் சிறப்பு. உலக சுகாதார நிறுவனமும், விசேட நிபுணர் அல்லாத வைத்தியர்களுக்கென 2010இல் வெளியிட்ட வழிகாட்டியில் வலிப்பு நோயைச் சேர்த்தது. 2022இல் அதன் உறுப்பு நாடுகள் 2031ஆம் ஆண்டு வரைக்குமான ஒரு செயற்றிட்டத்தையும் ஏற்றுக்கொண்டன. அந்நாடுகளில் இலங்கையும் ஒன்று. கொடுத்த வாக்கை நிறைவேற்றும்படி கேட்பது பிச்சை அன்று.

இனி எமது ஊருக்கு வருவோம். எமது தோட்டத்துக் கிணறும் அடுப்படியும் வலிப்புள்ள பிள்ளைக்கு எமன்கள். சரியாக அறியப்படாத நோய் நீரிலும் நெருப்பிலும் விபத்திலும் கொல்லக்கூடும். வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிப்பதும், பல்லிடுக்கிற் கரண்டி செருகுவதும், வாயில் தண்ணீர் ஊற்றுவதும் இன்னும் நிற்கவில்லை. பிள்ளையை ஒருபக்கமாகச் சரித்துவிட்டு நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் கடந்தால் உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

இன்னொன்றையும் மனந்திறந்து சொல்லவேண்டும். வைத்தியக் கல்வி இங்கே ஆங்கிலத்தில் நடக்கின்றது. தாயின் வாக்குமூலமோ தமிழில் வருகின்றது. “விறைத்தது” என்பது ஒன்று, “உதறியது” என்பது வேறொன்று, “சோர்ந்தது” என்பது மற்றொன்று. மூன்றையும் “வலிப்பு” என்ற ஒரே சொல்லில் மொழிபெயர்த்து வைத்தியரிடம் கொடுத்தால் நோய் நிர்ணயம் அங்கேயே பிழைத்துவிடும். தமிழும் ஓர் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் 1987இல் எழுதப்பட்டது. அந்த எழுத்து குழந்தை வைத்தியரின் மேசை வரை வந்து சேர வேண்டும்.

நோயின் பெயர் ஒரு பிள்ளையின் வாழ்நாள் முழுவதையும் தொடர்வது. இந்தியாவில் 1955ஆம் ஆண்டின் இந்து விவாகச் சட்டம் வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்தது. அந்தச் சொல்லை நீக்க 1999ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. சட்டத்திலிருந்து நீங்கினாலும் சம்பந்தம் பேசும் திண்ணையிலிருந்து அது எளிதில் நீங்காது. ஆகவே, அந்தப் பெயரைச் சூட்டுமுன் வைத்தியர் நிச்சயமாக அறிந்திருக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

எமது கோரிக்கைகள் நான்கு. ஒன்று, பிள்ளைகளை முதலிற் பார்க்கும் ஒவ்வொரு ஆசுபத்திரி வைத்தியருக்கும் இப்பயிற்சி கட்டாயமாக்கப்படல் வேண்டும். இரண்டு, நோய் விசாரணைக்குரிய கேள்விகள் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடப்பட்டு அவர்கள் கையிற் கொடுக்கப்படல் வேண்டும். மூன்று, வீடுவீடாகச் செல்லும் மருத்துவமாதருக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் அறிகுறிகள் கற்பிக்கப்படல் வேண்டும். நான்கு, தொடங்கிய மருந்து கிராமத்து ஆசுபத்திரியில் இடையறாது கிடைக்கவேண்டும். திடீரென நின்ற மருந்து நோயிலும் கொடியது.

பெரியோர்களே! இந்தக் கோரிக்கைகளில் கட்சி இல்லை, சாதி இல்லை. உங்கள் சங்கத்தின் தீர்மானமாக இவற்றை எழுதி, கையொப்பமிட்டு, மாகாணச் சுகாதார அதிகாரிகளுக்கும் உங்கள் பிரதிநிதிகளுக்கும் அனுப்புங்கள். விடை வராவிடின் மீண்டும் அனுப்புங்கள். அந்தப் பெரியவருடைய பேரன் வாங்கிய அடியை நாம் திருப்பி எடுக்க முடியாது. பின்வாங்கில் இருந்துகொண்டு இன்றும் அதே அடியை வாங்கும் பிள்ளைக்காகவேனும் நாம் எழுதுவோம்.