செய்தி காத்தலும் பெயர் காத்தலும்

 

கேட்பவன் எதிரில் இருக்குங்கால் சொல்லப்படும் சொல் உடனே சென்று சேரும். அவன் இல்லாதபோது சொல்லப்பட்ட சொல் என்னாகும்? ஓலைவிடு காலத்தில் எழுந்த இவ்வினாவே இன்று கணிப்பொறிகளுக்கு இடையிலும் எழுந்து நிற்கின்றது.

ஒரு கணிப்பொறி விடுக்கும் செய்தியை இடைநின்று வாங்கி, வேண்டுவோர்க்குப் பகிர்ந்தளிக்கும் மென்பொருளைச் செய்தித் தரகன் எனலாம். விடுப்போன் பெறுவோனை அறியான். பெறுவோன் விடுப்போனை அறியான். இருவரும் அறிந்தவை தரகனும் செய்தியின் தலைப்புமே. ஒருவன் உறங்கினும் மற்றவன் பணி நில்லாது. ஆயின், இருவர் நம்பிக்கையையும் தாங்கும் பொறுப்பு முழுதும் தரகன் தலைமேல் ஏறுகின்றது.

1999-இல் ஐ.பி.எம். நிறுவனத்து ஆண்டி இசுடான்போர்டு-கிளார்க்கும், ஆர்க்கம் நிறுவனத்து ஆர்லென் நிப்பரும் எம்.கியூ.டி.டி. என்னும் செய்தி நெறிமுறையை வகுத்தனர். எண்ணெய்க் குழாய்த்தொடர்களின் அளவைகளைச் செயற்கைக்கோள் வழியே கொணர்தற்கு ஆக்கப்பெற்றது அது. அக்கால் அவ்விணைப்பு விலைமிக்கது, இடையிடையே அறுவது. ஆளில்லாத வெளியில் ஒரு குழாயின் அழுத்தம் திடுமெனக் குறைகின்றது எனக் கொள்க. அச்செய்தி வருங்கால் கண்காணிக்கும் கணிப்பொறியின் இணைப்பு அறுந்திருப்பின், கசிவை உரைக்கும் சொல் காற்றோடு போதல் தகுமோ?

தகாது. அதனைத் தடுக்க இருவகைக் காப்பு வேண்டும். அவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோரே இடர்ப்படுகின்றனர்.

முதலாவது, செய்தியைக் காத்தல். நினைவகத்தில் மட்டும் வைக்கப்பட்ட செய்தி, மின்னோட்டம் நின்றதும் அழியும். வட்டில் எழுதிய பின்னரே தரகன் ‘பெற்றேன்’ என விடுப்போனுக்கு ஒப்பம் தருவானாயின், பொறி விழுந்தெழுந்தாலும் செய்தி எஞ்சும். இதனை நிலைச்செய்தி என்க.

இரண்டாவது, பெறுவோன் பெயரைக் காத்தல். கடையில் இதழ் வாங்குவோன், தான் செல்லாத திங்களின் இதழை இழப்பான். ஆண்டுக் கட்டணம் செலுத்திப் பெயர் பதிந்தவனுக்கோ, அவன் வெளியூர் சென்றிருப்பினும் இதழ் வீட்டில் காத்திருக்கும். அங்ஙனமே, இணைப்பு அறுந்த காலத்தும் பெறுவோன் பெயரைப் பேரேட்டில் வைத்து, அவனுக்குரியவற்றைத் திரட்டிவைப்பது நிலைப்பதிவு.

1998-இல் சன் நிறுவனம் வெளியிட்ட சாவாச் செய்திப்பணி வரையறை இவ்விரண்டையும் பிரித்தே கூறிற்று. நிலைச்செய்தியே ஆயினும், நிலைப்பதிவு இல்லாதவன் இணைப்பற்றிருந்த வேளையில் வந்ததாயின், அவனுக்குக் கிட்டாது. வட்டில் எழுதும் ஆற்றல் இருந்தென்ன? எவன் பெயருக்கு எழுதுவது? மறுபுறம், பெயர் பேரேட்டில் இருந்தும் செய்தி நினைவகத்தில் மட்டும் இருப்பின், பொறி நின்றவுடன் பெறுவோன் கை வறிதாம்.

எம்.கியூ.டி.டி.யில் செய்திகள் 0, 1, 2 என முத்தரத்தன. இணைப்பற்ற பதிவாளனுக்காக 1, 2 தரச் செய்திகளைக் காத்தல் தரகன் கடன். 0 தரத்தைக் காக்கும் கட்டாயமில்லை. விடுப்போன் 1 என விடுத்தும் பெறுவோன் 0 எனப் பதிந்திருப்பின், அச்செய்தி 0 தரமாகவே இறங்கிவிடும். இன்னும் ஒன்று: மொசுகிட்டோ என்னும் தரகு மென்பொருள், தனியே அமைத்தாலன்றி வட்டில் எழுதுவதில்லை. அமைத்தபின்னும், கால இடைவெளியை மாற்றாவிடின், 1800 நொடிக்கு ஒருமுறையும் ஒழுங்காக நிறுத்தப்படும்போதுமே எழுதும். திடுமென மின்னோட்டம் நின்றால், கடைசி அரைமணிச் செய்திகள் அழியக்கூடும்.

காத்தலுக்கும் எல்லை உண்டு. பெயர் பதிந்துவிட்டு என்றும் திரும்பாதவனுக்காகச் செய்திகள் குவிந்துகொண்டே போனால் வட்டு நிரம்பும். ஒருவன் மறதியால் அனைவரும் இடருறுவர். ஒவ்வொரு முறையும் புதுப்பெயரோடு வருபவனையும் தரகன் புதியோனாகவே கொள்வான். பழைய மூட்டை பழைய பெயரிலேயே கிடக்கும். சாவா வரையறையின்படி, வேண்டாதபோது பெறுவோனே தன் பதிவை நீக்குதல் வேண்டும். 2019-இல் ஓயாசிசு அமைப்பின் சீர்தரமாக வெளிவந்த எம்.கியூ.டி.டி. 5, இணைப்பு அறுந்தபின் எத்தனை நொடி காக்க வேண்டுமெனப் பெறுவோன் முன்னரே உரைக்க வழிசெய்தது.

ஆதலின், தரகனிடம் பணியை ஒப்படைப்போர் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று: செய்தி வட்டில் ஏறிற்றா? பெறுவோன் பெயர் பேரேட்டில் உளதா? அப்பெயர் எத்துணைக் காலம் நிற்கும்? இவற்றுக்கு விடையறியாது தரகனை நம்புதல், முகவரி எழுதா மடலை அஞ்சற்பெட்டியில் இட்டு மறுமொழிக்குக் காத்திருத்தலை ஒக்கும்.